பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்: உயிலில் எழுதுமுன் குடும்பத்தில் பேச வேண்டியவை

இப்பாடத்தின் நோக்கம்

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளையுடைய பெற்றோர், தமக்குப் பின் அப்பிள்ளைகளை வளர்ப்பவர் யார் என்பதைத் தீர்மானித்து எழுதிவைப்பதற்கு இப்பாடம் துணைசெய்கிறது. இது குறித்து ஒன்ராறியோச் சட்டம் வகுத்துள்ள விதிகள் சிலவே. அவற்றை ஒரு மாலைப்பொழுதில் அறிந்துகொள்ளலாம். எனினும், விதிகளை அறிந்த பின்னரும் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இதனைத் தள்ளிப்போடுகின்றன. யாரை எழுதினால் யாருடைய மனம் நோகும் என்னும் தயக்கமே அதற்குப் பெருங்காரணம். ஆகவே சட்டமும் குடும்பத்தின் மனநிலையும் இங்கு ஒருங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. பேசத் தயங்கும் பேச்சு

இறப்பைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது அதனை அழைப்பதற்குச் சமம் என்னும் அச்சம் தமிழ்க் குடும்பங்களில் பழையது. விளக்கு வைத்த நேரத்தில் இதையா பேசுவது என்று வீட்டுப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவர். அதே வீட்டில் ஆயுட் காப்புறுதிக்கு மாதந்தோறும் பணம் கட்டப்படுகிறது. வீட்டுக் கடனுக்கும் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் இல்லாத காலத்தில் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை உண்டு. பிள்ளை எந்த வீட்டில் உறங்கி எழும் என்பதற்கு விடை இல்லை.

பெற்றோர் இருவரும் ஒரே வேளையில் மறைவது அரிது. ஆயினும் நடவாதது அன்று. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒரே காலைப்பொழுதில் தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளை விட்டுச்சென்றது. அவர்களுடைய பராமரிப்பு உள்ளிட்ட விடயங்களை ஒழுங்குபடுத்த, இலங்கை நாடாளுமன்றம் 2005 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்றையே இயற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய பேரிடர் நேராவிட்டாலும், இருவரும் ஒரே வாகனத்தில் பயணம் செய்யும் எந்தக் குடும்பத்துக்கும் இவ்வினா உரியது. தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் தந்தைக்கும் இது மேலும் நெருக்கமான வினாவாகும்.

2. ஊரில் இருந்த ஏற்பாடு

இவ்வினாவைத் தமிழ்ச் சமூகம் இதற்கு முன் எதிர்கொள்ளாமல் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒப்படைத்தார். முதலியார்கள் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டுச் சரிகண்டனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு, பிரித்தானியர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டு சட்ட வலுப் பெற்றது. தாயும் தந்தையும் இறந்து சிறு பிள்ளைகள் எஞ்சும்போது, இரு பக்கத்து உறவினரும் ஒன்றுகூடி, அப்பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று கலந்து பேசி ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது அதில் காணப்படும் வழக்காறு. பிள்ளைகளோடு பெற்றோரின் சொத்தும் அவரிடமே ஒப்படைக்கப்படும்.

அவ்வழக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தாய்வழியும் தந்தைவழியும் சேர்ந்தே தீர்மானித்தன. மற்றையது, அத்தீர்மானம் இறப்பின் பின்னரே எடுக்கப்பட்டது. ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில் உறவினர் அனைவரும் வாழ்ந்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பிரிந்து வாழும் நிலை ஏற்பட்டது. அவர்கள் துக்க வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்கும் வரை பிள்ளையின் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ காத்திருக்க இயலாது. ஆகவே ஊரில் இறப்பின் பின் நிகழ்ந்த அந்தக் கலந்துரையாடல், இங்கு பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே நிகழ வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு பின்னணி உண்டு. 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பராயமடையாத பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அச்சொற்களுக்கு விளக்கம் அளித்தது. அவருக்குப் பின் என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை பொறுப்பேற்காத நிலையில் அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் காப்பாளராக இயங்கலாம் என்பதே அவ்விளக்கம். ஒன்ராறியோவில் இவ்வரிசையே இல்லை. பிள்ளை குறித்துத் தீர்மானம் எடுக்கும் பொறுப்பில் இரு பெற்றோருக்கும் சம உரிமை உண்டு என்பது இங்குள்ள சட்டத்தின் தொடக்க நிலை.

3. ஒன்ராறியோச் சட்டம் கூறுவது

இவ்விடயத்துக்குரிய சட்டம், சிறுவர் சட்டச் சீர்திருத்தச் சட்டம். அதன் 61 ஆம் பிரிவு, உயில் மூலம் பாதுகாவலரை நியமிப்பது பற்றிக் கூறுகிறது. இலங்கையில் மரணசாசனம் எனப்படுவதே இங்கு உயில் எனப்படுகிறது. 2021 மார்ச் 1 முதல் இச்சட்டம் பழைய சொற்களுக்குப் பதிலாகத் தீர்மானம் எடுக்கும் பொறுப்பு என்னும் தொடரைக் கையாள்கிறது. பிள்ளையின் கல்வி, மருத்துவம், சமயம், மொழி முதலியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பே இது. முதன்மையான விதிகள் பின்வருமாறு:

முதலாவது: பெற்றோருள் ஒருவர் இறந்து, பிள்ளைக்குப் பொறுப்பான மற்றவர் உயிருடன் இருந்தால், இறந்தவரின் நியமனம் செயற்படாது. பொறுப்பு உயிருடன் இருப்பவரிடமே தொடரும். பிரிந்து வாழும் பெற்றோருள் ஒருவர் தம் உயிலில் வேறொருவரை எழுதிவிட்டதால் மட்டும் மற்றவரின் உரிமை நீங்கிவிடாது. இந்நிலையில் உள்ளவர்களும், மறுமணம் செய்தவர்களும் சட்டத்தரணி ஒருவரிடம் தம் சூழ்நிலையை விளக்கி ஆலோசனை பெறுதல் அவசியம்.

இரண்டாவது: பெற்றோர் இருவரும் ஒரே வேளையில் இறந்தால், இருவருடைய உயில்களிலும் பொதுவாக இடம்பெற்ற பெயருக்கு மட்டுமே வலு உண்டு. கணவர் ஒருவரையும் மனைவி வேறொருவரையும் எழுதியிருந்தால் இரண்டு நியமனங்களும் பயனற்றுப்போகும்.

மூன்றாவது: நியமிக்கப்பட்டவர் சம்மதிக்காவிட்டால் நியமனம் செல்லாது.

நான்காவது: நியமனம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 90 நாட்களில் முடிவடையும். அதற்குள் அவர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், விண்ணப்பம் தீர்க்கப்படும் வரை அது நீடிக்கும். பெற்றோர் அல்லாத விண்ணப்பதாரர் பொலிஸ் பதிவுச் சோதனையைச் சமர்ப்பிக்க வேண்டும். சிறுவர் உதவிச் சங்கங்களின் பதிவுகளும் ஆராயப்படும்.

ஐந்தாவது: நியமனம் இருப்பினும், அம்மம்மா, அப்பப்பா உள்ளிட்ட வேறு எவரும் அதே பொறுப்பைக் கோரி விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் பிள்ளையின் நலனையே அளவுகோலாகக் கொண்டு தீர்ப்பளிக்கும். பிள்ளைக்கு யாருடன் எவ்வளவு நெருக்கம் உண்டு, பிள்ளையின் சொந்த விருப்பம் என்ன, அதன் மொழி, பண்பாடு, சமயம் ஆகியவை எவ்வாறு பேணப்படும் என்பன அதில் கருத்தில் எடுக்கப்படும்.

இவ்விதிகளைச் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்கும். உயிலில் எழுதப்படும் பெயர் சில மாதங்களுக்கான பாலம் மட்டுமே. அப்பாலத்தைக் கடந்து பிள்ளை நிலையான இடத்தைச் சேர்வதற்கு, பெற்றோர் இருவரின் உடன்பாடும், நியமிக்கப்படுபவரின் சம்மதமும், ஏனைய உறவினர் வழக்குக்குப் போகாத மனநிலையும் தேவை. இம்மூன்றும் பேச்சினால் மட்டுமே உருவாகும்.

4. எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு குடும்பம்

பின்வருவது பாடத்துக்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. உண்மையான எவரையும் குறிப்பதன்று.

ஸ்காபரோவில் வாழும் கணவன், மனைவி. பிள்ளைகளுக்கு ஏழு வயதும் மூன்று வயதும். அப்பம்மா அவர்களுடன் வாழ்கிறார். கணவரின் அண்ணன் பிரம்ரனில் பெரிய வீட்டில் குடும்பத்துடன் இருக்கிறார். மனைவியின் தங்கை, பிள்ளைகளின் சித்தி, அருகிலுள்ள தொடர்மாடியில் வாடகைக்கு வாழ்கிறார். வாரத்தில் மூன்று நாட்கள் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருபவர் அவரே.

பிள்ளைகள் பெரியப்பா வீட்டுக்குப் போவதே முறை என்பது கணவரின் எண்ணம். தங்கையே பிள்ளைகளின் மனம் அறிந்தவர் என்பது மனைவியின் எண்ணம். வாக்குவாதத்தைத் தவிர்க்க விரும்பிய இருவரும், அவரவர் உயிலில் அவரவர் விரும்பியவரை எழுதுவது என்று முடிவுசெய்கின்றனர். இரு பக்கத்துக்கும் நியாயம் செய்ததாகவே இருவரும் கருதுகின்றனர். மேலே கூறிய இரண்டாம் விதிப்படி, இருவரும் ஒரே விபத்தில் மறைந்தால் அவ்விரு பெயர்களுள் எதற்கும் வலு இராது. சண்டையைத் தவிர்ப்பதற்குச் செய்த ஏற்பாடே, அதே சண்டையை இரு குடும்பங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுச்செல்கிறது.

இதனை அறிந்த பின் அவர்கள் அண்ணனையும் அண்ணியையும் வீட்டுக்கு அழைத்துப் பேசுகின்றனர். பிள்ளைகளை ஏற்பது தம் கடமை என்று அண்ணன் உடனே கூறுகிறார். அண்ணி சற்று நேரம் கழித்தே வாய் திறக்கிறார். தம் நோயுற்ற தாயைப் பராமரித்துக்கொண்டு, இரவு வேலைக்கும் போய்வரும் தம்மிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை என்கிறார். பிள்ளைகள் மீது அவருக்கு அன்பு குறைவில்லை. ஆயினும் சமைப்பதும் நோய்க்குக் கண்விழிப்பதும் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதும் தம் கையிலேயே விழும் என்பதை அவர் அறிவார். சட்டம் நியமிக்கப்படுபவரின் சம்மதத்தைக் கேட்கிறது. குடும்பம் அவருடைய துணையின் சம்மதத்தையும் கேட்டாக வேண்டும்.

நீண்ட பேச்சின் முடிவில், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு சித்திக்கும், அவர்களுக்கான பணத்தை நிர்வகிக்கும் பொறுப்பு பெரியப்பாவுக்கும் என்று தீர்மானமாகிறது. சித்தியால் இயலாத நிலை வந்தால் மாற்றுப் பாதுகாவலர் யார் என்பதும் முடிவாகிறது. கணவரும் மனைவியும் தத்தம் உயிலில் அதே பெயர்களை எழுதுகின்றனர். அப்பம்மா மட்டும் இரண்டு நாட்கள் எவருடனும் சரிவரப் பேசவில்லை. மருமகளின் தங்கை வீட்டில் தம் பேரப்பிள்ளைகள் தமக்கு அந்நியராகிவிடுவர் என்பது அவர் அச்சம். வாரந்தோறும் பிள்ளைகள் தம்மிடம் வருவர் என்று சித்தி தம் வாயாலேயே உறுதி கூறிய பின்னரே அவர் தணிகிறார்.

5. மனத்தாங்கல்களும் அவற்றின் வேரும்

தெரிவுசெய்யப்படாதவர் அதனைத் தம்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே பெரும்பாலான மனத்தாங்கல்களுக்கு வேர். நம்பிக்கை இல்லையா, நாங்கள் வளர்த்த முறை பிழையா என்னும் வினாக்கள் எழும். பாதுகாவலரைத் தெரிவுசெய்வது அன்புக்கு அளிக்கும் பரிசு அன்று. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்தில், அன்றாட வேலையைச் செய்ய வல்லவர் யார் என்பதற்கான விடை மட்டுமே. இதனைப் பெற்றோர் தம் வாயால் விளக்க வேண்டும். பெற்றோர் மறைந்த பின் உயிலை வாசித்து ஒருவர் இதனை அறிய நேர்ந்தால், விளக்கம் கேட்க ஆள் இராது.

மூத்தோர்: அம்மம்மாவும் அப்பம்மாவும் பிள்ளைகளை இன்று வளர்ப்பவர்களாகவே இருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் பதினைந்து ஆண்டுகள் உண்டு. அக்கணக்கை அவர்களிடமே மென்மையாக எடுத்துரைத்தால் அவர்கள் உணர்வர். அவர்கள் வேண்டுவது பெரும்பாலும் உறவு அறுபடாது என்னும் உறுதியே.

தாய்நாட்டில் வாழும் உறவினர்: யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாழும் உடன்பிறப்பே மனத்துக்கு மிக நெருக்கமானவராக இருக்கலாம். அவரை நியமித்தால், அவர் கனடாவுக்கு வருவதற்குக் குடிவரவு அனுமதி வேண்டும். அல்லது பிள்ளை இங்குள்ள பள்ளியையும் தோழரையும் விட்டுப் புலம்பெயர வேண்டும். உயிலில் பெயர் இருப்பது விசா ஆகாது. அத்தகையவரைத் தெரிவுசெய்வோர், இடைக்காலத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ரொறன்ரோவில் வாழும் ஒருவரையும் ஏற்பாடு செய்து, சட்ட ஆலோசனையும் பெற வேண்டும்.

நண்பர்: உறவினர் அருகில் இல்லாத குடும்பங்களுக்கு, ஒரே தொடர்மாடியில் வாழும் நண்பர் குடும்பமே பிள்ளை அறிந்த இரண்டாவது வீடாக இருக்கலாம். பாதுகாவலர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆயினும் இரத்த உறவினர் வியப்படையாதவாறு முன்னரே அறிவித்தல் நன்று.

தம்பதியர்: ஒரு தம்பதியை இணைத்து நியமிப்பவர்கள், அவர்கள் பிரிந்தாலோ ஒருவர் இறந்தாலோ பிள்ளை யாருடன் இருக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

பிள்ளைகள்: விவரம் அறிந்த வயதில் உள்ள பிள்ளையிடம், அச்சமூட்டாத முறையில், யாருடைய வீட்டில் இருக்க உனக்குப் பிடிக்கும் என்று கேட்பதில் தவறில்லை. நீதிமன்றமும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதனைக் கேட்டறியும்.

6. வளர்ப்பவர் வேறு, பணம் காப்பவர் வேறு

பிள்ளையை வளர்க்கும் பொறுப்பும் பிள்ளையின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பும் ஒன்ராறியோவில் வெவ்வேறானவை. தாயும் தந்தையும்கூடத் தாம் பெற்றோர் என்பதனாலேயே பிள்ளையின் சொத்துக்குப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. பராயமடையாத பிள்ளைக்கு நேரடியாகச் சேரும் பெருந்தொகை பொதுவாக நீதிமன்றத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டு, பதினெட்டு வயதில் முழுமையாகக் கையளிக்கப்படும். ஆயுட் காப்புறுதியில் சிறு பிள்ளையின் பெயரை மட்டும் பயனாளியாக எழுதி, அறங்காவலர் எவரையும் குறிப்பிடாதவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உயிலில் அறக்கட்டளை ஒன்றை அமைத்து அறங்காவலரை நியமித்தால், பிள்ளையின் படிப்புக்கும் வாழ்வுக்கும் அப்பணத்தைச் செலவிடவும், மீதியைப் பெற்றோர் குறித்த வயதில் கையளிக்கவும் இயலும். இவ்விரு பொறுப்புகளையும் இருவருக்குப் பகிர்வது, ஒருவரை மட்டும் உயர்த்தியதாக எழும் மனக்குறையைத் தணிக்கும். ஒருவர் கணக்கை மற்றவர் அறியவும் வழிசெய்யும். ஆனால் ஒருவரோடொருவர் பேசாத இருவருக்கு இதனைப் பகிர்ந்தால், பிள்ளையின் குளிர்காலச் சப்பாத்துக்கும் வழக்காட வேண்டிவரும்.

7. எழுதி வைத்தல்

வாய்ச்சொல்லாலும் வட்ஸ்அப் செய்தியாலும் பாதுகாவலரை நியமிக்க இயலாது. வழமையான உயிலில், இரண்டு சாட்சிகள் ஒரே வேளையில் முன்னிலையில் இருக்க, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். பின்னர் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ அவரது கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக இருத்தல் ஆகாது. இருந்தால் அவர்களுக்குரிய கொடை பொதுவாகச் செல்லாது போகும். முழுவதும் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்ட உயில், சாட்சி இன்றியும் ஒன்ராறியோவில் செல்லுபடியாகும். எனினும் பிள்ளைகள் தொடர்பான உயிலைச் சட்டத்தரணி மூலம் எழுதுவதே பாதுகாப்பானது.

உயிலோடு ஒரு கடிதமும் எழுதிவைக்கலாம். அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆயினும் வளர்ப்பவருக்கு அது பெருந்துணை. இவரைத் தெரிவுசெய்த காரணம், பிள்ளையின் ஒவ்வாமைகளும் மருந்துகளும், வீட்டில் பேசும் மொழி, போகும் கோயில் அல்லது தேவாலயம் அல்லது பள்ளிவாசல், தொடர்ந்து சந்திக்க வேண்டிய உறவினர், இரவில் எதைச் சொன்னால் பிள்ளை உறங்கும் என்பன அதில் இடம்பெறலாம். புதிய பிள்ளை பிறந்தாலோ, பாதுகாவலரின் உடல்நிலையோ வசிப்பிடமோ மாறினாலோ இரண்டையும் மீளப் பார்க்க வேண்டும்.

8. கலந்துரையாடலுக்கான வினாக்கள்

அ. இன்றிரவு பெற்றோர் வீடு திரும்பாவிட்டால், பிள்ளையின் பள்ளிக்கூடம் முதலில் யாரை அழைக்கும்? அவர் பிள்ளைக்கு அறிமுகமானவரா?

ஆ. கணவரும் மனைவியும் தனித்தனியே மூன்று பெயர்களை எழுதிப் பாருங்கள். இருவருடைய தாளிலும் இடம்பெற்ற பெயர் எது?

இ. அப்பெயருக்குரியவரிடமும் அவருடைய துணையிடமும் சம்மதம் கேட்டாயிற்றா?

ஈ. தெரிவுசெய்யப்படாதவர்களுள் மிகவும் மனம் நோகக்கூடியவர் யார்? அவரிடம் இதனைச் சொல்பவர் யார்? அவருக்கு அளிக்கக்கூடிய உறுதி என்ன?

உ. எடுத்துக்காட்டில் வரும் அண்ணி கேளாமலேயே சம்மதித்ததாகக் கொள்ளப்பட்டிருந்தால், பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

உதவி பெறுதல்

ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம், சட்டத்தரணி ஒருவருடன் 30 நிமிடங்கள் வரை கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அண்மையிலுள்ள சமூக, சட்ட உதவிச் சேவைகளை அறிய 211 என்னும் இலக்கத்தையும், மாநகரச் சேவைகளுக்கு 311 என்னும் இலக்கத்தையும் அழைக்கலாம். தமிழில் உரைபெயர்ப்பு வேண்டுமெனக் கேட்கலாம். இப்பாடம் பொதுத் தகவலுக்கானது. தனிப்பட்ட சூழ்நிலைக்குரிய சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது.